பல்லுக்கு ஒரு பூண்

எங்கள் உம்மாவின் கைப்பைக்குள் ஒரு கடதாசித் துண்டு ஒன்றரை வருடமாக மடிந்து கிடந்தது. பல் வைத்தியர் எழுதிக் கொடுத்த துண்டு அது. "வேர்ச் சிகிச்சை முடிந்தது. ஒரு மாதத்துக்குள் கிரவுன் போட வரவும்" என்று அதில் இருந்தது. உம்மா போகவில்லை. நோவு நின்றுவிட்டது. அது நான் உயர்தர வகுப்புத் தொடங்கிய மாதம். மூன்று பாடங்களுக்கும் டியூசன் காசு கட்ட வேண்டியிருந்தது. "நோவில்லாத பல்லுக்கு இவ்வளவு காசு என்னத்துக்கு மகள்?" என்று உம்மா கேட்டபோது எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

ஒன்றரை வருடத்தின் பின், ஓர் இராச் சாப்பாட்டில் இறைச்சிக் கறியிலிருந்த சிறு எலும்பைக் கடித்தபோது அந்தப் பல் 'டக்'கென்று பிளந்தது. மறுநாள் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த வைத்தியர், பிளவு வேர் வரை இறங்கிவிட்டது, இனிக் கழற்றத்தான் வேண்டும் என்றார். பல் இரண்டு துண்டாக வெளியே வந்தது. கிளினிக் இலக்கத்தைத் தேடி உம்மாவின் பையைக் கிளறியபோதுதான் அந்தத் துண்டு என் கையில் அகப்பட்டது. கிரவுன் போடாமல் மிச்சம் பிடித்த காசு எங்கே போனது என்பது எனக்குத் தெரியும். அது என் கொப்பிகளுக்குள் இருந்தது.

சில மாதங்களில் உம்மாவின் வலது பக்கக் கடைவாய்ப் பல்லுக்கும் அதே வேர்ச் சிகிச்சை தேவைப்பட்டது. இம்முறை நானும் கூடப் போனேன். கேள்விகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு போனேன். வைத்தியர் பொறுமையாகச் சொன்னவற்றையும், பின்னர் நான் நூலகத்தில் தேடி வாசித்தவற்றையும் தொகுத்தே இக்கட்டுரையை எழுதுகிறேன். மாணவச் சகோதரிகளோடு பெற்றோரும் இதை வாசிக்க வேண்டும் என்பது எனது விருப்பம்.

பல்லுக்கும் ஒரு முடி உண்டு

பல்லின் படத்தை நாம் எல்லோரும் விஞ்ஞானக் கொப்பியில் வரைந்திருக்கிறோம். முரசுக்கு வெளியே தெரியும் பகுதி முடி. முரசோடு ஒட்டிய ஒடுங்கிய இடம் கழுத்து. தாடை எலும்புக்குள் புதைந்திருப்பது வேர். முடியைப் போர்த்தியிருப்பது மிளிரி. நமது உடலில் உள்ளவற்றுள் மிகக் கடினமான பொருள் அதுவே. அதன் நிறையில் ஏறத்தாழ 96 சதவீதம் கனியுப்புக்களாகும். மிளிரிக்கு உள்ளே, எலும்பை ஒத்த, சற்று மீள்தன்மையுடைய பன்முதல் இருக்கிறது. நடுவிலுள்ள குழிக்குள் நரம்புகளையும் குருதிக் கலன்களையும் கொண்ட பற்கூழ் இருக்கிறது.

இவ்வளவு கடினமான மிளிரிக்கு ஒரு பெரிய குறை உண்டு. உடைந்தால் அது மீண்டும் வளராது. கை எலும்பு முறிந்தால் சில வாரங்களில் தானாகப் பொருந்திவிடும். ஆனால் மிளிரியை உருவாக்கும் கலங்கள், பல் முரசைத் துளைத்து வெளியே வரும்போதே இல்லாமற் போய்விடுகின்றன. ஆகவே இழந்த மிளிரிக்கு ஈடாக வெளியிலிருந்துதான் எதையாவது வைக்க வேண்டும்.

சிறிய குழி என்றால் அடைப்புப் போதும். முடியின் பெரும்பகுதி சூத்தையாலோ விபத்தாலோ தேய்வாலோ போய்விட்டால், அடைப்பைப் பிடித்து வைத்திருக்கப் போதிய சுவர் இருக்காது. அப்போது எஞ்சிய பல்லை முழுவதுமாக மூடி, முரசின் ஓரம் வரை வரும் ஓர் உறையைச் செய்து ஒட்டுகிறார்கள். அதுவே கிரவுன். அந்த ஆங்கிலச் சொல்லின் பொருளும் முடிதான். இழந்த இயற்கை முடிக்குப் பதிலாகச் செய்து வைக்கும் முடி என்று கொள்ளலாம்.

நோவு நின்ற பல் ஏன் உடைகிறது?

சூத்தை பற்கூழை எட்டியதும் தாங்க முடியாத நோவு வருகிறது. வேர்ச் சிகிச்சையின்போது வைத்தியர் பல்லின் மேற்பரப்பில் ஒரு வாசல் திறந்து, நோயுற்ற பற்கூழை அகற்றி, வேர்க்கால்வாய்களைக் கழுவித் துப்புரவாக்கி, கட்டாபேர்ச்சா எனும் இறப்பர் போன்ற பொருளால் அடைக்கிறார். தென்கிழக்காசியக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பாலிலிருந்து கிடைப்பது அது. சிகிச்சை முடிந்ததும் நோவு போய்விடும். ஆபத்து தொடங்கும் இடமும் அதுதான்.

"நரம்பு எடுத்த பல் செத்துக் காய்ந்துபோகும், அதனால்தான் உடைகிறது" என்று பலர் சொல்வார்கள். உண்மையான பெரிய காரணம் வேறு. பல்லின் பொருள் ஏற்கனவே குறைந்துவிட்டது. ஒரு பகுதியைச் சூத்தை தின்றது. இன்னொரு பகுதியைச் சிகிச்சைக்கான வாசலுக்காக வெட்ட வேண்டியிருந்தது. கூரையும் வளையும் கழன்ற வீட்டின் சுவர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வழியின்றித் தனித்தனியே நிற்பதைப் போல், பல்லின் சுவர்களும் தனித்து நிற்கின்றன.

கடைவாய்ப் பல்லின் மேற்பரப்பை நாக்கால் தடவிப் பாருங்கள். முகடுகளும் பள்ளங்களும் தெரியும். நாம் கடிக்கும்போது எதிர்ப் பல்லின் முகடு இந்தப் பள்ளத்துக்குள் இறங்குகிறது. விறகைப் பிளக்க வைக்கும் ஆப்பின் வேலையை அது செய்கிறது. பலமாகக் கடிக்கையில் கடைவாயில் எழும் விசை சில நூறு நியூற்றன். ஒரு நாளில் எத்தனை முறை மெல்லுகிறோம்! ஒவ்வொரு முறையும் சுவர்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு விரிந்து சுருங்குகின்றன. ஒரு நாள் சிறு எலும்பொன்று போதுமானதாகிவிடுகிறது.

முன்பற்களின் நிலை வேறு. அவை வெட்டுவதற்கானவை. வேர்ச் சிகிச்சை செய்த முன்பல்லில் போதிய அளவு பல் எஞ்சியிருந்தால் நல்ல அடைப்பே போதுமாகலாம். எல்லா வேர்ச் சிகிச்சைக்கும் கிரவுன் கட்டாயம் என்று நினைத்துப் பயப்படத் தேவையில்லை. கடைவாய்ப் பற்களுக்கு மட்டும் இதைப் பிற்போடக் கூடாது.

வாப்பாவின் உளி

எங்கள் வாப்பா தச்சு வேலை செய்பவர். வைத்தியர் சொன்னவற்றை நான் வீட்டில் உம்மாவுக்கு மறுபடியும் விளக்கிக்கொண்டிருந்தபோது, அவர் எழுந்து போய்த் தமது பெட்டியிலிருந்து ஓர் உளியை எடுத்து வந்தார். மரப் பிடியின் தலையில் இறுக்கமாக மாட்டியிருந்த இரும்பு வளையத்தைக் காட்டினார்.

"இந்தப் பூண் என்னத்துக்கெண்டு தெரியுமா மகள்? சுத்தியலால அடிக்கிற அடி பிடியைப் பிளக்காம இருக்கத்தான். பூண் கழன்ற பிடி ஒரு மாசமும் தாங்காது. உம்மும்மாட உலக்கைக்கும் இதுதானே போட்டீக்கி."

பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப போன முறை நாங்க பூண் போடாமத்தான் அடிச்சீக்கிறம்" என்றார். உம்மா ஒன்றும் சொல்லவில்லை.

நான் வாசித்த எந்தப் பக்கமும் இவ்வளவு தெளிவாக எனக்கு விளக்கவில்லை. கிரவுன் பல்லின் மேல் வைக்கும் வெறும் மூடியல்ல. அது பல்லைச் சுற்றிப் பிடித்து, சுவர்கள் விரியாமல் இறுக்கி வைக்கும் பூண். ஆச்சரியம் என்னவென்றால், பல் வைத்தியர்களும் அதே பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கிரவுனின் கீழ் விளிம்பு நல்ல பல்லைச் சுற்றி அணைத்துப் பிடிக்கும் பகுதியை அவர்கள் 'பெரூல்' என்பார்கள். கருவிகளின் பிடியில் மாட்டும் பூணுக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல் அது.

இதில் ஒரு நிபந்தனையும் உண்டு. பூண் பிடிப்பதற்கு மரம் வேண்டும். கிரவுனின் விளிம்புக்கு மேலே, பல்லைச் சுற்றிலும் ஏறத்தாழ 1.5 முதல் 2 மில்லிமீற்றர் உயரத்துக்காவது உறுதியான பல் எஞ்சியிருக்க வேண்டும் என்று வைத்தியர்கள் எதிர்பார்க்கிறார்கள். அதற்கும் குறைவாக, முரசோடு சமமாக உடைந்துபோன பல்லில் கிரவுன் நீண்ட காலம் நிற்பது கடினம். 'முழுதாக உடையட்டும், பிறகு பார்ப்போம்' என்று காத்திருந்தால் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாமல் போகலாம்.

எப்படிச் செய்கிறார்கள்?

உம்மாவுக்கு இரண்டு முறை போக வேண்டியிருந்தது. முதல் நாளில் எக்ஸ்ரேயைப் பார்த்து வேர்ச் சிகிச்சை நன்றாக இருப்பதை உறுதிசெய்தார்கள். உள்ளே வெறுமையாக இருந்த இடத்தை உறுதியான அடைப்பால் நிரப்பி எழுப்பினார்கள். நரம்பு எடுத்த பல் நோகாது; ஆனாலும் சுற்றியுள்ள முரசு நோகும் என்பதால் விறைப்பூசி போட்டார்கள்.

அதன் பின் பல்லைச் செதுக்கினார்கள். உறைக்குத் தடிப்பு உண்டு. அந்தத் தடிப்புக்கு இடம் விடாவிட்டால் பல் பருத்து, மற்றப் பற்களுக்கு முன்பாகவே முட்டும். உறை எந்தப் பொருளால் ஆனது என்பதைப் பொறுத்து மேற்புறத்தில் 1.5 முதல் 2 மில்லிமீற்றர் வரையும், பக்கங்களில் 1 மில்லிமீற்றர் அல்லது சற்றுக் கூடவும் குறைக்கிறார்கள். பக்கங்கள் மேல்நோக்கி மிகச் சிறிதளவு ஒடுங்க வேண்டும். அப்போதுதான் உறை உள்ளே இறங்கும். அதிகம் ஒடுங்கினால் உறை கழன்று வரும். கைப்பழக்கமும் கண்ணும் ஒன்றாக வேலை செய்யும் இடம் இது.

அடுத்தது அச்சு எடுப்பது. களி போன்ற பொருளைத் தட்டில் நிரப்பிப் பல்லின் மேல் அழுத்தி இறுகும்வரை வைத்திருக்கிறார்கள். சில இடங்களில் சிறிய கமரா ஒன்றால் வாயை ஸ்கேன் செய்து கணினியில் படமாக எடுக்கிறார்கள். நிறத் தட்டு ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பக்கத்துப் பற்களின் நிறத்தோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்கிறார்கள். நிரந்தர உறை வரும்வரை பிளாஸ்ரிக் போன்ற தற்காலிக உறை ஒன்றை ஒட்டி அனுப்பினார்கள். அந்த நாட்களில் தொதல் போன்ற ஒட்டும் பண்டங்களைச் சாப்பிட வேண்டாம் என்றார்கள். செதுக்கிய பல் திறந்து கிடந்தால் பக்கத்துப் பற்கள் அந்த வெற்றிடத்தை நோக்கி நகர்ந்துவிடும் என்பதால் தற்காலிக உறையும் முக்கியமானது.

இரண்டாம் நாள் நிரந்தர உறையை வைத்துப் பார்த்தார்கள். பக்கத்துப் பல்லோடு சரியாகத் தொடுகிறதா என்று நூல் விட்டுப் பார்த்தார்கள். நீல நிறத் தாளைக் கடிக்கச் சொல்லி, நிறம் கூடுதலாகப் படிந்த இடத்தை மட்டும் தேய்த்தார்கள். ஒரு தலைமயிரின் தடிப்பளவு உயர்ந்திருந்தாலும் வாய்க்குத் தெரிந்துவிடும். உம்மா மூன்று தரம் "இன்னும் கொஞ்சம் முட்டுது" என்று கூச்சத்தோடு சொன்னார். வைத்தியர் சிரித்துக்கொண்டே, "சொல்லத்தான் வேண்டும், நீங்கள் சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாது" என்றார். எல்லாம் சரியானதும் சீமெந்து வைத்து ஒட்டினார்கள்.

தங்கத்திலிருந்து சிர்கோனியா வரை

பல்லைக் காப்பாற்ற மனிதன் எடுத்த முயற்சி மிகப் பழையது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்பெயினின் குர்துபாவில் வாழ்ந்த அறுவைச் சிகிச்சை மேதை அபுல் காசிம் அல்-ஸஹ்ராவி, ஆட்டங்கண்ட பற்களை உறுதியான பற்களோடு தங்கக் கம்பியால் பிணைக்கும் முறையைத் தமது 'அத்தஸ்ரீப்' என்னும் நூலில் விவரித்துள்ளார். அமெரிக்காவின் டெட்ரொய்ட் நகரப் பல் வைத்தியர் சார்ள்ஸ் லேண்ட், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பீங்கானால் முழு உறை செய்யும் முறையை உருவாக்கினார். 1907இல் வில்லியம் டகார்ட், மெழுகில் வடிவம் செய்து அதை உருக்கி நீக்கி, அந்த இடத்தில் தங்கத்தை வார்க்கும் முறையைப் பல் மருத்துவத்தில் பரப்பினார். நம் நாட்டில் சிலை வார்ப்பவர்கள் காலங்காலமாகக் கையாண்டு வரும் நுட்பமும் இதுவே.

இன்று உறைகள் பல வகையில் கிடைக்கின்றன. உலோக உறை உறுதியானது, அதற்காகப் பல்லைக் குறைவாகச் செதுக்கினால் போதும், நிறம்தான் பொருந்தாது. உலோகத்தின் மேல் பீங்கான் படிய வைத்த உறை பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வருவது. முன்பற்களுக்கு ஒளியை ஊடுகடத்தும் கண்ணாடிப் பீங்கான் வகைகள் அழகாகப் பொருந்துகின்றன. கடைவாய்க்கு இப்போது சிர்கோனியா பெரிதும் விரும்பப்படுகிறது. சிர்கோன் எனும் கனியத்திலிருந்து பெறப்படும் பொருள் அது. நமது புல்மோட்டைக் கடற்கரையின் கனிய மணலிலும் சிர்கோன் உண்டு.

சிர்கோனியா உறையைச் செய்யும் விதம் சுவையானது. முதலில் சுண்ணக்கட்டி போன்று மென்மையாக இருக்கும் கட்டியைக் கணினி இயந்திரம் கடைகிறது. வேண்டிய அளவிலும் பெரிதாகவே கடைகிறது. பின்னர் ஏறத்தாழ 1500 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சூளையில் வைக்கும்போது அது ஐந்தில் ஒரு பங்களவு சுருங்கி, சரியான அளவுக்கு வந்து, மிகவும் உறுதியாகிறது.

சிறுவர்களுக்கும் உறை உண்டு. பாற்பல்தானே, விழுந்துவிடும் என்று விட்டுவிடுகிறோம். ஆனால் கடைவாய்ப் பாற்பற்கள் சில 10 முதல் 12 வயதுவரை இருக்க வேண்டியவை. நிரந்தரப் பல்லுக்கு இடம் பிடித்து வைப்பவை. அவற்றுக்குக் கறையில் உருக்காலான ஆயத்த உறைகள் உள்ளன. ஸ்கொட்லாந்தின் பல் வைத்தியர் நோர்னா ஹோல் கையாண்ட முறையில், பொருத்தமான பற்களுக்கு ஊசியும் இல்லை, செதுக்குவதும் இல்லை. உறையைச் சீமெந்தோடு பல்லின் மேல் அழுத்திச் சூத்தையை உள்ளேயே மூடிவிடுகிறார்கள். உணவு கிடைக்காத கிருமிகள் அங்கே தொடர்ந்து வளர முடிவதில்லை. ஊசிக்குப் பயந்த பிள்ளைகளுக்கு இது ஒரு வரப்பிரசாதம்.

அழகுக்காகப் போடலாமா?

கிரவுன் பல்லின் வடிவத்தையும் நிறத்தையும் மாற்றும் என்பதால், கலியாணம் பேசும் வீடுகளில், "முன்பல்லுக்கு உறை போட்டால் வரிசையாகத் தெரியுமே" என்று யாராவது சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். எங்கள் குடும்பத்திலும் ஒரு ராத்தாவுக்கு அப்படிச் சொன்னார்கள். இதையும் அன்று வைத்தியரிடம் கேட்டேன்.

"நல்ல பல்லைச் செதுக்கினால் செதுக்கியதுதான். பிறகு அந்தப் பல்லுக்கு வாழ்நாள் முழுவதும் உறை வேண்டும். செதுக்கியதால் உள்ளே இருக்கும் நரம்பு பழுதடையவும் கூடும். கோணலைக் கம்பி கட்டி நிமிர்த்தலாம். நிறத்தை வெளுக்கச் செய்யலாம். இவை முடியாத இடத்தில்தான் உறை" என்றார்.

அனுராதபுரம், பொலன்னறுவை போன்ற வரண்ட வலயப் பகுதிகளில் கிணற்று நீரிலுள்ள அதிக புளோரைட்டு காரணமாகப் பிள்ளைகளின் பற்களில் வெண்மையாகவோ கபிலமாகவோ கறை படிவதுண்டு. இது துலக்காமையால் வருவதன்று. பல் உருவாகும் பருவத்திலேயே மிளிரியில் ஏற்படும் மாற்றம். அந்தப் பிள்ளைகளைக் கேலி செய்வது அறியாமை. அவர்களிலும் பெரும்பாலானோருக்கு எளிய சிகிச்சைகளே போதும். மிளிரி உதிர்ந்து மோசமாகச் சிதைந்த பற்களுக்கே உறை.

போட்ட பின்னர்

உறைக்குச் சூத்தை வராது. உறையின் விளிம்புக்குக் கீழே இருக்கும் உங்கள் சொந்தப் பல்லுக்கு வரும். ஆகவே முரசோரத்தைக் காலையும் இரவும் புளோரைட்டுப் பற்பசையால் துலக்க வேண்டும். பற்களுக்கிடையே நூல் விட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். ஐஸ்கட்டி கடிப்பதும், போத்தல் மூடியைப் பல்லால் திறப்பதும் கூடாது. உறக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் அதை வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். நன்றாகப் பேணினால் ஓர் உறை பத்து, பதினைந்து வருடங்கள், அதற்கு மேலும் கூட இருக்கும்.

பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வேர்ச் சிகிச்சை தொடங்கும் முன்பே, "இதற்குப் பிறகு கிரவுன் தேவைப்படுமா? எந்த வகை? மொத்தச் செலவு எவ்வளவு?" என்று கேளுங்கள். இரண்டையும் ஒரே செலவாகக் கணக்கிடுங்கள். வெவ்வேறு பொருளுக்கு வெவ்வேறு விலை உண்டு. கையில் உள்ள காசைச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உடனடியாகக் கிரவுன் போட வசதியில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். முகடுகளை மூடும் அடைப்பு ஒன்றால் தற்காலிகமாகப் பாதுகாக்க முடியுமா என்று வைத்தியர் பார்ப்பார். பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவதுதான் எல்லாவற்றிலும் விலை கூடிய வழி என்பதை நாங்கள் அனுபவத்தில் கற்றுக்கொண்டோம்.

மாணவச் சகோதரிகளிடமும் ஒன்று கேட்கிறேன். நம் உம்மாமார் தங்கள் நோவைச் சொல்லமாட்டார்கள். நோவு நின்றுவிட்டால் அதை மறந்தே போவார்கள். நமது கட்டணமும் நமது சப்பாத்தும் அவர்களுடைய பல்லை விட முன்னுக்கு வந்துவிடும். இன்றிரவு சாப்பிடும்போது உங்கள் உம்மாவிடம் ஒரேயொரு கேள்வி கேளுங்கள்: "நீங்க எந்தப் பக்கத்தால சாப்பிடுறீங்க?" ஒரு பக்கத்தால் மட்டும் என்று பதில் வந்தால், மறுபக்கத்தில் ஒரு பல் பூணுக்காகக் காத்திருக்கலாம்.

எங்கள் உம்மா இப்போது வலது பக்கத்தால் சாப்பிடுகிறார். இடது பக்கத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது. அவர் சிரிக்கும்போது அது வெளியே தெரியாது. எனக்குத் தெரியும்.